லண்டன் போறீங்களா? மூணாவது நாளே ஊரை விட்டு வெளிய கிளம்புங்க

எங்க ஊரு மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட். சுத்தி ரப்பர் பால்மரமும் எண்ணெய் எடுக்குற செம்பனையுமா இருக்கிற தோட்டத்து டவுன், இங்க யாரு வீட்டு புள்ள வெளிநாட்டுல படிச்சு கன்வோ (பட்டமளிப்பு) வாங்குனாலும் ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே ஊர் முழுக்க தெரிஞ்சிரும். தெரிஞ்ச உடனே அந்த அப்பா அம்மா கோப்பிக்கடையில என்னை புடிச்சிக்குவாங்க, "அண்ணே, நீங்கதான் மூணு தடவ போயிட்டு வந்திருக்கீங்களே, பத்து நாளைக்கு என்ன பாக்கலாம்" ன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, தேத்தண்ணி வேற ஆறிப்போயிருது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடுறேன்.

என் மக அங்க நர்ஸா இருக்கா. மொத தடவ போனப்ப நாங்க செஞ்சது பூரா தப்பு. கடியாரக் கோபுரம், அரண்மனை வாசல், பாலம், கடைத்தெருன்னு மூணு நாளு பாதாள ரயில்ல ஏறி எறங்கியே போச்சு. நாலாவது நாளு வீட்டுக்காரி கட்டில்ல உக்காந்துக்கிட்டு "எனக்கு மூச்சு முட்டுது, ஊருக்கே போயிடலாம்" ன்னுட்டா. அவ கல்யாணத்துக்கு முன்னாடி பால்மரம் வெட்டுனவ, விடியக்காலம் மர நெரைக்குள்ள போனா நானூறு மரத்தை முடிச்சிட்டுதான் நிமிருவா, அவளை கொண்டுபோயி எஸ்கலேட்டர்ல நிக்க வச்சா அப்பிடித்தான் இருக்கும். மக பாத்துட்டு ஒரு நாளு லீவு போட்டு வெளிய வயக்காட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போனா. அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்காரி கேட்ட கேள்வி, "நாளைக்கு எங்க?"

அதுக்கப்புறம் போன ரெண்டு தடவையும் லண்டன் எங்களுக்கு தூங்குற இடம் மட்டுந்தான்.

போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் முடிச்சிருங்க. மலேசியா பாஸ்போர்ட்டுக்கு சுத்திப்பாக்க போக விசா வேணாம்கிறது உண்மைதான், ஆனா 2025 ஜனவரி 8ல இருந்து ஈடிஏன்னு ஒரு அனுமதி போன்லயே எடுக்கணும், மொதல்ல 10 பவுண்டா இருந்தது அந்த ஏப்ரல்ல 16 ஆச்சு, இப்ப எவ்வளவுன்னு எடுக்கும்போது பாத்துக்குங்க, ரெண்டு வருஷத்துக்கு செல்லும், அதுக்குள்ள பாஸ்போர்ட் முடிஞ்சா அதோட அதுவும் முடிஞ்சிரும். அவங்க அரசாங்க ஆப்லயே நேரா செய்யுங்க, நடுவுல யாரோ நாங்க செஞ்சி தரோம்னு மூணு மடங்கு காசு கேப்பாங்க, குடுக்காதீங்க.

ரெண்டாவது, சூரியன். நம்ம ஊர்ல வருஷம் பூரா ஏழு, ஏழரைக்கு இருட்டும், அதே நெனப்புல அங்க போகக்கூடாது. ஜூன்ல லண்டன்ல ராத்திரி 9:20க்குதான் பொழுது சாயும், டிசம்பர்ல 3:50க்கெல்லாம் போயிரும். டிசம்பர்ல போனீங்கன்னா காலையில நேரத்தோட கிளம்பி மத்தியானம் மூணு மணிக்குள்ள டேசனுக்கு வந்துரணும், இருட்டுன வயக்காட்டுல சடக்கு (ரோட்டு) லைட்டு ஒண்ணும் கிடையாது. என்னை கேட்டா ஏப்ரல் கடைசிலேர்ந்து ஜூன் வரைக்கும் நல்ல நேரம், இல்லாட்டி செப்டம்பர். ஏப்ரல் கடைசி, மே மொத வாரம் காட்டுக்குள்ள புளூபெல்ன்னு ஒரு பூ தரை தெரியாம நீலமா பூத்திருக்கும், நான் வார்த்தையில சொல்லி ஆகாது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீங்க. எங்கப்பா காலத்துல துரை பங்களா முன்னாடி சைக்கிள்ல போறவங்க எறங்கி தள்ளிட்டுதான் போகணும், அந்த புல்லு மேல கால் வைக்க முடியாது. அந்த நெனப்போட நான் இங்கிலாந்து போயிருக்கேன், அங்க பாத்தா ஒரு பெரிய பண்ணை, நடுவுல பெரிய வீடு, வேலி, கேட்டு, நான் கேட்டுகிட்ட நின்னுட்டேன். மக சிரிக்கிறா, "அப்பா, தொறந்துட்டு உள்ள போங்க, இது பொது வழி." கம்பத்துல சின்னதா ஒரு மஞ்ச அம்பு. அந்த மஞ்ச அம்பு இருந்தா நிலம் எந்த பிரபுவோடதா இருந்தாலும் நீங்களும் நானும் கால்நடையா குறுக்க நடந்து போகலாம், அது சட்டம், யாரும் உங்கள போன்னு சொல்ல முடியாது. நீல அம்பு இருந்தா குதிரையும் சைக்கிளும் போகலாம். இங்கிலாந்தும் வேல்ஸும் சேத்து இந்த மாதிரி பாதை ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டர் இருக்கு. காசு கிடையாது, டிக்கெட் கிடையாது.

இது அவங்களுக்கும் சும்மா வந்துடல. டார்பிஷைர் பக்கம் கிண்டர் ஸ்கவுட்ன்னு ஒரு மேடு, பணக்காரங்க வேட்டைக்குன்னு அடைச்சி வச்சிருந்தாங்க, 1932 ஏப்ரல் 24ம் தேதி மான்செஸ்டர்லேர்ந்து வந்த தொழிலாளிப் பசங்க நூத்துக்கணக்குல அதுல ஏறிட்டாங்க, அஞ்சு பேருக்கு ஜெயில். முன்ன நின்ன பென்னி ராத்மேனுக்கு அப்ப வயசு இருவது. அப்புறம் 1949ல தேசியப் பூங்கா சட்டம் வந்துச்சு, 2000ல இன்னொரு சட்டம் வந்து மேட்டு நிலம் நெறைய தொறந்து விட்டாங்க. அதனால கேட்டுகிட்ட நின்னு கூச்சப்படாதீங்க. ஆனா ஒண்ணு, தொறந்த கேட்டை மூடணும், ஏற்கனவே தொறந்து கெடந்த கேட்டை அப்பிடியே விடணும், பயிரு மேல நடக்காம பாதையிலயே போகணும். மாடு வளத்த சனத்துக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்ல. சில எடத்துல கேட்டுக்கு பதிலா வேலி மேல ஏறி எறங்குற மரப்படி இருக்கும், ஸ்டைல்ம்பாங்க, சேலை கட்டிட்டுப் போனா அங்க மாட்டிக்குவீங்க, சிலுவார், அதான் பேண்ட்டு, போட்டுட்டு போங்க.

மேப்பு. இருபது வருஷம் செம்பனை லோரி ஓட்டுனவன் நானு, மேப்புன்னா எனக்கு ஒரு இது. அங்க ஆர்ட்னன்ஸ் சர்வேன்னு ஒரு அமைப்பு, 1791ல பட்டாளத்துக்காக ஆரம்பிச்சது, அவங்க போடுற ஆரஞ்சு அட்டை மேப்புல ஒவ்வொரு வேலியும் ஒவ்வொரு கெணறும் கூட இருக்கும், பொது வழியெல்லாம் பச்சைக் கோடு விட்டு விட்டு போட்டிருக்கும். போன்லயும் அதே மேப்பு ஆப்பா வருது. வீட்டு வைஃபையிலயே டவுன்லோட் பண்ணிடுங்க, பள்ளத்தாக்குக்குள்ள எறங்கினா லைன் செத்துரும். சாதாரணமா நாம சடக்குக்கு பாக்குற மேப்பை நம்பி நடந்தா நடைபாதையே இல்லாத கார் ரோட்டுல கொண்டு விட்டுரும், வளைவுல காரு வந்தா ஒதுங்க எடமில்ல.

ரயில் காசு. இதுலதான் நம்மாளுங்க ஏமாறுறது. அங்க டிக்கெட் விலை நேரத்தப் பொறுத்தது, வேலை நாள்ல காலையில கூட்ட நேரத்துக்கு போனா விலை எகிறும், பெரும்பாலும் 9:30க்கு மேல ஆஃப் பீக், அதாவது கூட்டமில்லாத நேரம், சனி ஞாயிறு நாள் பூரா ஆஃப் பீக். நடக்கப் போறவங்க ஆஃப் பீக் ரிட்டர்ன் வாங்குங்க, திரும்பும்போது எந்த ஆஃப் பீக் ரயில்னாலும் ஏறிக்கலாம், முன்கூட்டியே வாங்குற அட்வான்ஸ் டிக்கெட் மலிவுதான், ஆனா அந்த ஒரு ரயிலை விட்டா காசு போச்சு, நடக்கிறவன் எத்தன மணிக்கு டேசன் வருவான்னு யாருக்குத் தெரியும். புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரா போறீங்கன்னா டூ டுகெதர்னு ஒரு ரயில் கார்டு, 60 வயசு தாண்டிட்டா சீனியர் கார்டு, ரெண்டுமே மூணுல ஒரு பங்கு கழிவு, 2025ல இருந்து 35 பவுண்டு, வெளிநாட்டுக்காரங்களும் பாஸ்போர்ட் காட்டி வாங்கலாம். நாலஞ்சு ட்ரிப்பு அடிக்கப் போறீங்கன்னா போட்ட காசு வந்துரும். மூணுலேர்ந்து ஒம்போது பேரு வரைக்கும் குடும்பமா போனா கார்டே வேணாம், குரூப்சேவ்னு கேளுங்க, ஆஃப் பீக்ல அதுவும் மூணுல ஒரு பங்கு. அஞ்சு வயசுக்குக் கீழ புள்ளைங்களுக்கு டிக்கெட் கிடையாது, பதினஞ்சு வரைக்கும் பாதி. பஸ்ஸு இன்னும் மலிவு, 2025 ஜனவரிலேர்ந்து இங்கிலாந்துல பெரும்பாலான பஸ்ல ஒரு தடவ போக 3 பவுண்டுக்கு மேல வாங்குறதில்ல. ஒவ்வொன்னையும் அஞ்சரையால ஆறால பெருக்கி நம்ம வெள்ளி (ரிங்கிட்) கணக்கு பாத்துக்கிட்டே இருந்தீங்கன்னா தண்ணி போத்தல் கூட வாங்க மனசு வராது, மூணாவது நாளோட அந்த பழக்கத்த விட்டுருங்க.

ஞாயித்துக்கெழம ஜாக்கிரதை. அன்னிக்குதான் தண்டவாளம் ரிப்பேரு பண்ணுவாங்க, ரயிலுக்கு பதிலா பஸ் விடுவாங்க, ஒரு மணி நேரம் ரெண்டரை ஆயிரும். கிராமத்து பஸ்ஸும் ஞாயிறு கம்மி, சில எடத்துல இல்லவே இல்ல. அப்புறம் சில ரயிலு நடுவழியில ரெண்டா பிரியும், முன்பெட்டி ஒரு ஊருக்கு பின்பெட்டி வேற ஊருக்கு, ஏறும்போது எந்த பெட்டின்னு போர்டுல பாத்துட்டு ஏறுங்க. நாங்க ஒரு தடவ பின்னாடி உக்காந்து இட்லி தின்னுக்கிட்டே வேற ஊருக்கு போயிட்டோம், அந்த ஊரும் நல்லாத்தான் இருந்துச்சு, அது வேற கதை.

விமானத்துல பதினாலு மணி நேரம் உக்காந்து எறங்குன மறுநாளு தூரமா எங்கயும் போகாதீங்க. அன்னிக்கு கியூ கார்டன்னு பெரிய செடிகொடித் தோட்டம், அங்க போங்க, பாதாள ரயில் டிஸ்ட்ரிக்ட் லைன்லயே போயிரலாம், இது கிராமம் இல்ல, தெரியும், ஆனா நம்ம சனம் பாக்க வேண்டிய எடம். 1876ல ஹென்ரி விக்கம்னு ஒரு வெள்ளைக்காரரு பிரேசில்லேர்ந்து 70,000 பால்மரக் கொட்டைய இங்கதான் கொண்டாந்து குடுத்தாரு, அதுல மொளைச்சது ரெண்டாயிரத்து சொச்சம். அடுத்த வருஷம் 22 கன்னு சிங்கப்பூருக்கு வந்து, அதுல 9 நம்ம பக்கத்து குவாலா கங்சார்ல நட்டாங்க, அந்த காலத்து மரம் ஒண்ணு இன்னும் அங்க டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ் பக்கத்துல நிக்குது, நாம சாமான் வாங்கப் போறப்ப பாத்துட்டு பாக்காம போறதுதான். கியூவுல பாம் ஹவுஸ்ன்னு கண்ணாடி மாளிகை, உள்ள போனா அப்பிடியே நம்ம ஊரு புழுக்கம், மூக்குக்கண்ணாடி பனி புடிச்சிரும். உள்ள ஒரு பால்மரம் இருக்கு. வீட்டுக்காரி பட்டைய தடவிப் பாத்துட்டு, "ஒரு வெட்டு படல பாரு, சொகுசா வளந்திருக்கு" ன்னா. பக்கத்துல நின்ன வெள்ளைக்காரம்மாவுக்கு ஏன் நாங்க ரெண்டு பேரும் அப்பிடி சிரிக்கிறோம்னு புரியல.

மறுநாளு ஆரம்பிக்கலாம். மொத நடைக்கு நான் எல்லாருக்கும் சொல்றது செஸ் பள்ளத்தாக்கு. காரணம் சிம்பிள், பாதாள ரயில்லயே போகலாம், மெட்ரோபாலிட்டன் லைன்ல உக்காந்தீங்கன்னா கொஞ்ச நேரத்துல சுரங்கத்த விட்டு வெளிய வந்து, வீடெல்லாம் கொறஞ்சி, காடு வந்து, ஒரு மணி நேரத்துக்குள்ள சால்ஃபான்ட் அண்ட் லாட்டிமர்னு டேசன். தனி டிக்கெட் வாங்க வேணாம், லண்டனுக்குள்ள தட்டுற அதே பேங்க் கார்ட தட்டுனா போதும். அங்கேர்ந்து காட்டுக்குள்ள எறங்கி லாட்டிமர்னு குட்டி கிராமம், கீழ செஸ் ஆறு, ஆறுன்னு பேருதான், நம்ம ஊர் வாய்க்கா அகலம், ஆனா தண்ணி கண்ணாடி. சுண்ணாம்புப் பாறையில வடிகட்டி வர்ற தண்ணி, இந்த மாதிரி சுண்ணாம்பு ஓடை உலகத்துல இருக்கிறதுல பெரும்பகுதி இங்கிலாந்துலதானாம். ஆத்தோரமாவே சாரட் பாட்டம் வரைக்கும் நடந்து, அப்புறம் மேடேறி சோர்லிவுட் டேசன் வந்து அதே லைன்ல திரும்பிருங்க. பத்து கிலோமீட்டர் சொச்சம், நடுவுல நின்னு நின்னு போனா நாலு மணி நேரம். தலைக்கு மேல ரெட் கைட்ன்னு ஒரு பருந்து சுத்தும், வால் ரெண்டா பிளந்திருக்கும். ஒரு காலத்துல அந்தப் பக்கம் சுத்தமா அழிஞ்சி போயி, 1989லேர்ந்து ஸ்பெயின்லேர்ந்து குஞ்சு கொண்டாந்து விட்டு வளத்ததாம், இப்ப நம்ம ஊர் காக்கா மாதிரி பறக்குது. வீட்டுக்காரி ஒவ்வொரு தடவ பருந்த பாக்கும்போதும் கன்னத்துல போட்டுக்கிட்டா, கிருஷ்ண பருந்து இல்லடின்னு சொன்னேன், கேக்கல.

ரெண்டாவது பாக்ஸ் ஹில். வாட்டர்லூ இல்லாட்டி விக்டோரியாலேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள, பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள்ன்னே டேசன் பேரு. மோல் ஆத்த கல்லு மேல தாண்டித் தாண்டி கடக்கணும், புள்ளைங்களுக்கு ரொம்ப புடிக்கும், மழை பேஞ்சி தண்ணி ஏறிட்டா கல்லு முங்கிரும், பக்கத்துலயே ஒரு பாலம் இருக்கு. அதுக்கு மேல நெட்டுக்குத்தா படி, பத்துமலை ஏறுன சனத்துக்கு பெருசில்ல. 224 மீட்டர்தான் உயரம், மேல நின்னா சசெக்ஸ் பக்கம் வரைக்கும் பச்ச பச்சயா தெரியும். தேத்தண்ணி கடை இருக்கு. அரை நாள் போதும்.

மூணாவதுதான் கிரீடம், செவன் சிஸ்டர்ஸ். ஒரு எச்சரிக்கை சொல்லிடுறேன், லண்டனுக்குள்ளயே டாட்டன்ஹாம் பக்கம் செவன் சிஸ்டர்ஸ்ன்னு ஒரு பாதாள ரயில் டேசன் இருக்கு, அது வேற. என் மச்சான் போன்ல அந்தப் பேரை அடிச்சிட்டு நேரா அங்க போயி எறங்கி, "மாமா, மலையும் காணோம் கடலும் காணோம், கோழிக்கடைதான் இருக்கு" ன்னு போன் போட்டான். நீங்க போக வேண்டியது விக்டோரியா டேசன், அங்கேர்ந்து லூவிஸ், லூவிஸ்ல மாறி சீஃபோர்ட். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும். சீஃபோர்ட்ல எறங்கி கடற்கரைக்கு போயி இடது பக்கமா மேடேறுங்க, சீஃபோர்ட் ஹெட்டை தாண்டி கீழ எறங்குறப்ப எதுத்தாப்புல ஏழு வெள்ளைக் குன்று வரிசையா, கடலுக்குள்ள வெட்டி வச்சாப்புல, கோலமாவ குமிச்சி கத்தியால நறுக்குன மாதிரி. போட்டோவுல பாக்குற அந்த காட்சி அங்கேர்ந்துதான், கரையோரத்துல ரெண்டு மூணு பழைய வீடு நிக்கும். வயசானவங்க அங்கயே உக்காந்து சாப்பிட்டுட்டு உள்பக்கமா ஆத்தோரம் நடந்து எக்ஸீட்ன்னு நிறுத்தத்துக்கு வந்தா 12ம் நம்பர் பஸ் சீஃபோர்டுக்கே திருப்பி கொண்டு விட்டுரும். தெம்பு இருக்கவங்க எக்ஸீட்ல ஆத்த கடந்து அந்தப் பக்கம் ஏழு குன்றையும் ஏறி எறங்கி பர்லிங் கேப், அப்புறம் பீச்சி ஹெட், ஈஸ்ட்போர்ன் வரைக்கும் போகலாம், மொத்தம் 22 கிலோமீட்டர் கிட்ட, ஒரு முழு நாள், கால் கழண்டுரும். நாங்க ஒரு தடவ போனோம். ஆறாவது குன்றுல நான் புல்லுல படுத்துட்டேன், வீட்டுக்காரி திரும்பிக்கூட பாக்காம போயிட்டா, நெரையில நடந்த காலு.

விளிம்புக்கு போகாதீங்க. இத நான் சத்தமா சொல்றேன். அது சுண்ணாம்பு, கீழ கடல் அரிச்சி அரிச்சி மேல புல்லு மட்டும் நீட்டிக்கிட்டு நிக்கும், நிக்கிற எடத்துக்கு அடியில ஒண்ணுமே இருக்காது, வீடு அகலத்துக்கு பாறை எந்த அறிவிப்பும் இல்லாம விழும். கீழ கடற்கரையிலயும் குன்றுக்கு ஒட்டி உக்காராதீங்க. செல்ஃபி எடுக்க பின்பக்கமா நடக்குற பசங்கள பாத்தா எனக்கு வயித்த கலக்கும். பீச்சி ஹெட் 162 மீட்டர், தடுப்புக் கம்பி கிடையாது.

கோட்ஸ்வோல்ட்ஸ் பத்தி எல்லாரும் கேப்பாங்க, தேன் கலர் கல்லுல கட்டுன வீடு, கூரை மேல பாசி, காலண்டர்ல வர்ற கிராமம். நல்லாத்தான் இருக்கு. ஆனா லண்டன்லேர்ந்து கோச் பஸ்ல கூட்டிட்டு போயி ஒரு நாள்ல நாலு கிராமம் காட்டுறாங்க பாருங்க, அதுல மட்டும் போகாதீங்க. நாங்க மொத தடவ அதுலதான் போனோம், ஒவ்வொரு கிராமத்துக்கும் நாப்பது நிமிஷம், அதுல பாதி கழிவறைக்கு கியூ. அதுக்கு பதிலா பேடிங்டன்லேர்ந்து ரயில்ல மோர்டன் இன் மார்ஷ், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல கொஞ்சம், செவ்வாக்கெழம போனா அங்க சந்தை, நம்ம பாசார் மாலாம், அதான் ராத்திரி சந்தை, அத பகல்ல போட்டாப்புல. டேசன் பக்கத்துலயே 801 பஸ்ஸு, ஸ்டோவ்ல எறங்கி அங்கேர்ந்து வயக்காட்டு வழியா லோயர் ஸ்லாட்டர்னு கிராமத்துக்கு நடங்க, அப்புறம் போர்ட்டன் ஆன் தி வாட்டர். ஆறு ஏழு கிலோமீட்டர், மேடு பள்ளம் ரொம்ப இல்ல. ஸ்லாட்டர்ன்னா வெட்டுறதுன்னு நெனச்சி பயந்துறாதீங்க, பழைய இங்கிலீஷ்ல சேத்து நிலம்னு சொல்ற வார்த்தையிலேர்ந்து வந்த பேராம். போர்ட்டன்ல கூட்டம் நெருக்கும், ஆத்து மேல குட்டி குட்டி பாலம், அங்க பஸ்ஸுக்கு காத்திருக்கிற நேரம் மட்டும் இருந்தா போதும். இந்தப் பக்கத்து சர்ச்செல்லாம் ஊரு அளவுக்கு சம்பந்தமில்லாம பெருசா இருக்கும், அந்த காலத்துல ஆட்டு ரோமத்துல சம்பாதிச்ச காசு. நம்ம பக்கம் ஈய காசுல செட்டியாருங்களும் சீனவங்களும் பங்களா கட்டுனாங்கல்ல, அந்த கணக்குதான்.

சாப்பாடு. கிராமத்து பப்புல குடிக்கத்தான் போகணும்னு இல்ல, குடும்பமா போயி சாப்பிடலாம், ஆனா யாரும் மேசைக்கு வந்து கேப்பாங்கன்னு உக்காந்திருக்காதீங்க, கவுண்டருக்கு போயி சொல்லி காச கட்டிட்டு வந்து உக்காரணும். பல எடத்துல மத்தியானம் ரெண்டரையோட அடுப்ப மூடிருவாங்க, அப்புறம் சாயங்காலந்தான். மாட்டிறைச்சி சாப்பிடாதவங்க பை வாங்கும்போது உள்ள என்னன்னு கேட்டுருங்க, கிரேவி எதுல செஞ்சதுன்னும் கேளுங்க. ப்ளவ்மேன்ஸ்ன்னு ஒரு தட்டு, ரொட்டி, சீஸ், ஊறுகா, சைவம் வேணும்னா நல்லது, அந்த ஊறுகாவ நம்ம ஊறுகான்னு நெனச்சி அள்ளி வச்சிறாதீங்க, இனிப்பு. சாப்பிட்டா கொழாய் தண்ணி காசில்லாம கேளுங்க, மது விக்கிற கடையில கஸ்டமருக்கு குடுத்தாகணும்னு சட்டமே இருக்கு. எங்களுக்கு என்னமோ கட்டிட்டு போறதுதான் சரிப்படும். ஈஸ்ட் ஹாம்ல நம்ம கடைங்க இருக்கு, புளியும் நெத்திலியும் அங்கயே கெடைக்கும், முந்தின நாள் ராத்திரி புளிசாதம் கிளறி வச்சிட்டா மறுநாளு குன்று மேல உக்காந்து பிரிச்சா, காத்துக்கு அந்த வாசனை அடிக்கும் பாருங்க, போற வர்ற வெள்ளைக்காரங்க நின்னு என்னன்னு கேட்டுட்டுப் போவாங்க. ஒரு கெழவர் ரெண்டு வாய் வாங்கி சாப்பிட்டாரு, கண்ணுல தண்ணி வந்துச்சு, இன்னும் கொஞ்சம் கேட்டாரு. ஆகஸ்ட், செப்டம்பர்னா வேலியோரம் பூரா கருப்பா பிளாக்பெர்ரி பழுத்திருக்கும், பறிச்சி வாயில போட்டுக்கலாம், நாய் ஒண்ணுக்கு போற உயரத்துக்கு மேல உள்ளத பறிங்க.

கழிவறை பாதையில கிடையாது. டேசன்ல போயிருங்க, பப்புல போயிருங்க, கெடச்ச எடத்துல எல்லாம் போயிருங்க.

நம்ம காட்டுல அட்டை மாதிரி அங்க உண்ணி. புல்லு உயரமா இருக்கிற பக்கம் சிலுவார் நுனிய காலுறைக்குள்ள சொருகிக்கிங்க, ராத்திரி குளிக்கும்போது முட்டிக்கு பின்னாடி, இடுப்பு, அக்குள் பாருங்க, ஒட்டியிருந்தா இடுக்கியால தோலோட ஒட்டுன எடத்துல புடிச்சி நேரா இழுத்து எடுக்கணும், உப்பு போடுறது நெருப்பு வைக்கிறதெல்லாம் வேணாம். அப்புறம் நெட்டில்னு ஒரு செடி, பாதையோரம் இடுப்பளவு வளந்து நிக்கும், தொட்டா நம்ம காஞ்சொறி மாதிரியே எரியும். பக்கத்துலயே டாக்னு பெரிய இலை மொளைச்சிருக்கும், அதக் கசக்கித் தேய்ப்பாங்க, எனக்கு அதுல எரிச்சல் கொறஞ்ச மாதிரி தெரியல, தேய்க்கிறதுல மறந்து போச்சு அவ்வளவுதான். மாடு சும்மா மேஞ்சிட்டு இருந்தா பயமில்ல, கன்னு கூட இருந்தா மட்டும் தாய்க்கும் கன்னுக்கும் நடுவுல போகாம வேலியோரமா சுத்திப் போங்க, ஓடாதீங்க.

போட்டுக்கிறது. கனமா ஒரே கோட்டு வாங்கிட்டுப் போறாங்க நம்மாளுங்க, அது வேணாம், மெல்லிசா மூணு, மேல மழை தாங்குற ஜாக்கெட் ஒண்ணு, நடக்க நடக்க ஒண்ணொண்ணா கழட்டணும், நின்னா திருப்பி போடணும், ஒரு மணி நேரத்துல வெயில் மழை காத்து மூணும் வரும். குடை சுத்தமா ஒதவாது, குன்று மேல பிரிச்சீங்கன்னா குடைய மட்டும் இல்ல உங்களையும் சேத்து தூக்கும். சப்பாத்து (ஷூ) மட்டும் நல்லதா வாங்குங்க, ஈப்போவுலயே வாங்கி ரெண்டு வாரம் இங்க நடந்து பழகிட்டு போங்க, புது சப்பாத்த அங்க போயி மொத நாளு போட்டா கொப்புளம் வந்து மிச்ச நாள் பூரா ரூம்லதான்.

நடந்துட்டு வந்த அன்னிக்கு சப்பாத்துல சுண்ணாம்புச் சேறு ஒரு இஞ்சுக்கு ஒட்டியிருக்கும். மக வீட்டு குளிக்கிற தொட்டியில போட்டு கழுவாதீங்க, காஞ்சா சிமெண்டு, கொழாய் அடைச்சிக்கிச்சு, ப்ளம்பருக்கு குடுத்த காசுல இன்னொரு தடவ சீஃபோர்ட் போயிட்டு வந்திருக்கலாம். வாசப்படியில வச்சி காய விட்டு குச்சியால தட்டுங்க, உள்ள பழைய பேப்பர சுருட்டி சொருகி வச்சிட்டா காலையில காஞ்சிருக்கும்.